எங்கள் கிணற்றில் உன் பிணம்

தம்பிக்கு,

உன் நாவலைப் படித்துத் தொலைத்தேன். தொழிற்சாலையைப் பெரிதாக்க நிலம் அளக்க வந்தவனைக் கொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறாய். அட மேதாவி, தொழிற்சாலைக்காரர்கள் போர் போட்டதிலிருந்து அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

இப்போது உன் வாசகர்கள் காரில் வந்து இறங்கி, "அந்தக் கொலக் கிணறு எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். உன் அத்தான் மூன்று நாளாகச் சாப்பிடக்கூட வராமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நேற்று ஒருவன், "ஒரு கயிறு கிடைக்குமா? உள்ள இறங்கிப் பாக்கணும்" என்றான். அத்தான் கடப்பாரையைத் தூக்கிவிட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

இன்று ஆறு லாரி மண் கொட்டி மூடிவிட்டோம்.

எல்லாம் கற்பனை என்று பேட்டி கொடுத்திருக்கிறாய். போலீஸே வந்து கேட்டாலும் அதையே சொல். போன வருடம் நிலம் அளக்க வந்த ஆள் காணாமல் போன அன்று, உன்னை நம்பிப் போனில் அழுதேனே ஒருத்தி, அவள் செத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உனக்கு அக்காவாக இருந்தவள்