மீசையோடு வைத்த கொள்ளி

1949, மார்கழி, செவ்வாய். திருச்சுழி.

இன்று அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். தை பிறக்குமுன் திரும்பாவிட்டால், கொழும்புக் கடையில் வேலை பார்க்கக் கிடைத்த தற்காலிக அனுமதி காலாவதியாகிவிடும். அனுமதிச் சீட்டில் ஒட்டிய படமும் ஆளும் ஒத்திராவிட்டால் கப்பல் ஏற விடமாட்டார்கள். படத்தில் தலைப்பாகை கட்டியிருக்கிறேன், மொட்டை தெரியாது. மீசை தெரியும்.

மூத்த மகன் மீசையையும் எடுப்பதுதான் வழக்கம். வாசலில் நாவிதர் தலையை முடித்துவிட்டுக் கத்தியை உதட்டருகே கொண்டுவந்தார். நான் தடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மாதான் எழுந்து வந்தாள்.

"தலையோட போதும். மீசை கொழும்புக்கு வேணும்."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்கப்பா கோவிச்சுக்க மாட்டாக. நீ போயி கொள்ளி வையி," என்றாள் அம்மா என்னிடம்.

யோசிக்கும்போது மீசையை நீவிக்கொள்வது என் வழக்கம். இன்று கை அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறது.