கூடைப்பந்து வாசலில் ஒரு கிடாரம் கடலை

அன்புள்ள அம்மாவுக்கு, மதுரா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே ரொறன்ரோவில் நான் ரிக்கற் விற்கும் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்துக்குச் சனமே வருவதில்லை. இருபது டொலரை ஐந்தாகக் குறைத்தும் கதிரைகள் வெறுமைதான். “இனி ரிக்கற் விற்க ஆள் எதற்கு?” என்றார் மனேஜர். பயத்தில், “எங்கடை ஊர்ச் சன்னதிக் கோயிலிலை அன்னதானத்துக்கெண்டே சனம் வரும்” என்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய கிடாரம் நிறையக் கொண்டைக்கடலை அவித்துத் தாளித்து வாசலில் கொடுத்தேன். சனம் திரண்டது. கடலையைத் தின்றுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டது. பூசை முடிந்துதான் சோறு என்பதை மறந்துவிட்டேன், அம்மா!

அடுத்த மாதச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்துதான் கடலை. மிளகாய்த்தூள் ஒரு கிலோ அனுப்புங்கோ. அன்றைக்காவது எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட ஆள் கிடைக்கும்.

யாரோ ரிக்கற் யன்னல் கண்ணாடியைத் தட்டுகிறார். ரிக்கற்றுக்கோ கடலைக்கோ தெரியாது, ஓடுகிறேன்.

மகள் மதுரா