விண்ணப்பத்தில் காலமானவள்

1897 பிப்ரவரி 3, ஓலமோட்ஸ்

பெரிய பேரன் ஓட்டகார் ரயில் நிலையத்தில் எழுத்தர் ஆகிவிட்டான். சின்னவன் வியன்னாவில் டாக்டருக்குப் படிக்கிறான். பேத்தி ஹெட்விகா பள்ளி ஆசிரியை. பியானோ வாசிப்பாள், ஜெர்மன் பேசினால் அசல் ஜெர்மன்காரிதான். தாய் தகப்பன் இல்லாத மூன்றையும் ஆளாக்கியது சந்தையில் நான் விற்கும் பாலாடைக்கட்டி. இப்போது லெப்டினன்ட் டாமியான் ஹெட்விகாவைப் பெண் கேட்டிருக்கிறான். குரோவேஷியப் பையன், தங்கமானவன். பெண் வீட்டாரைப் பற்றி அவன் படைப்பிரிவு விசாரித்துத்தான் கல்யாணத்துக்கு அனுமதி தருமாம். விசாரிக்கட்டுமே.

பிப்ரவரி 11

கடும் குளிர். பாலாடைக்கட்டியெல்லாம் கல்லாக உறைந்துவிட்டது.

பிப்ரவரி 20

எழுதவே கை வரவில்லை. டாமியானின் படைப்பிரிவிலிருந்து ஒரு கேப்டன் கடைக்கு வந்தார், போலந்துக்காரர். ஒரு துண்டு தின்றுவிட்டு, "இத தின்னுட்டுப் போனா இந்த வாடைக்குப் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்கம்மா" என்று சிரித்தார். பிறகு கல்யாண விண்ணப்பத் தாளை எடுத்து, நான் யாரென்று தெரியாமல், ஹெட்விகாவின் குடும்பம் எப்படி என்று விசாரித்தார்.

"பாட்டி எண்பத்தொன்பதுல காலமாயிட்டாங்களாமே. எப்படிப்பட்டவங்க?"

தாளைப் பார்த்தேன். எழுதியிருந்தது ஹெட்விகாவின் கையெழுத்தில். அந்த எண்பத்தொன்பதாம் வருஷம்தான் அவளுக்கு விஷக்காய்ச்சல். மூன்று வாரம் நான் கண் மூடவில்லை.

"நல்ல பொம்பளைங்க. யாருக்கும் கெடுதல் நினைச்சதில்ல" என்றேன். வேறென்ன சொல்ல?

பிப்ரவரி 21

இரண்டு பேரையும் வரவழைத்துக் கேட்டேன். டாமியான் தரையைப் பார்த்தபடி காரணம் சொன்னான். சந்தையில் கடை போடுகிற பாட்டி என்று எழுதினால் கர்னல் கையெழுத்துப் போட மாட்டாராம். அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன்காரன், ஹங்கேரிக்காரன், போலந்துக்காரன், யூதன் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். நாங்கள் செக் இனத்தார் என்பதும் குறையில்லை. பாலாடைக்கட்டிதான் குறை! உன் தாத்தாவும் எல்லைக் காவலில் இருந்துகொண்டு பன்றி மேய்த்தவர்தானே என்று அவனைக் கேட்டேன்.

"அவரு கையில துப்பாக்கி இருந்துச்சு பாட்டி. அது கௌரவமாம்."

அப்போ என் கையில இருந்த கத்தி? அதுல வெட்டி வித்துத்தானே இவளைப் படிக்க வச்சேன்?

ஹெட்விகா அழுதாள். கர்னலிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னால்? பொய் விண்ணப்பம் கொடுத்த அதிகாரியின் பதவியைப் பறித்து வாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். வாள் போனால் அவனும் உடைந்து போவான்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். போங்க ரெண்டு பேரும்" என்றேன்.

மார்ச் 15

அனுமதி வந்துவிட்டதாம். ஹெட்விகா இனிப்பு கொடுத்தனுப்பியிருந்தாள். தொடவில்லை.

ஏப்ரல் 27

கல்யாணம். தேவாலயத்தில் கடைசி வரிசைத் தூண் பக்கம் நின்றேன். அதிகாரிகள் வாள்களை உயர்த்திப் பிடித்து மணமக்களுக்கு வழி விட்டார்கள். எவ்வளவு அழகாக இருந்தாள்! கூட்டத்தில் ஒருத்தி, பெண்ணுக்குச் சொந்தமா என்றாள். என்கிட்ட பாலாடைக்கட்டி வாங்குவாங்க என்றேன்.

எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூன் 6

கல்யாணப் படம் வந்தது. அலமாரியில் துணிக்கடியில் வைத்திருக்கிறேன். கடையில் மாட்டினால் கேப்டன் கண்ணில் படும். ஹெட்விகாவுக்குப் பதில் எழுதிவிட்டேன்: இது படைப்பிரிவுக்காரர்களுடைய படம், எனக்கு வேறு வேண்டும். அவன் சீருடை இல்லாமல், சாதாரணக் கோட்டு போட்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு. கடையில் மாட்ட வேண்டும்; கேப்டன் கேட்டால் பாலாடைக்கட்டி வாங்குகிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறேன்.