தென்துருவத்துக்கு ஒரு நான்காவது செயற்கைக்கோள்

அக்கா,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. ஆகவே முதலில் வரிசை.

1. உன் கணினி இன்று என் வீட்டுக்கு வந்தது.
2. அந்த விளையாட்டுக்குள் நீ என்னை இழுத்துவிட்டது.
3. நான்காவது செயற்கைக்கோள் ஏன் கட்டாயம் தேவைப்பட்டது என்பதன் விளக்கம்.
4. நீ கேட்டதும் நான் மறுத்ததும்.

மூன்றையும் நான்கையும் இடம் மாற்றலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். விளக்கம் முன்னால் வந்தால் மறுப்பு கொஞ்சம் நியாயமாகத் தெரியும். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் மகள் நீ இருந்த ஆங் மோ கியோ வீட்டைக் காலி செய்கிறாள். கணினியை டாக்சியில் கொண்டுவந்து, என் மேசைமேல் வைத்து, ஒயர்களை எல்லாம் மாட்டிக் கொடுத்தாள். "வச்சுக்குங்க மாமா, எனக்கு இந்த ராக்கெட்லாம் தெரியாது" என்றாள். அவள் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விசைப்பலகையில் இன்னும் உன் தைல வாசனை இருக்கிறது. மணிக்கட்டில் தேய்த்த கையைத் துடைக்காமல் அப்படியே தட்டுவாய்.

ஜூரோங்கில் சரக்குக் கப்பல் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் நீ வாங்கிய முதல் பொருள், கணினியில் ராக்கெட் ஏவும் அந்த விளையாட்டுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேக்கா சந்தையில் இடியாப்பம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவேன். நீ அதைச் சாப்பிட்டுக்கொண்டே ராக்கெட்டுகளைக் கடலில் போடுவாய். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஏவும் கோணத்தைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து நான் உனக்குக் கணக்குப்பிள்ளை. "சர்வேயர் வேலைய விட்டுட்டான், வேலை இவன விடல லா" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாய்.

அந்த விளையாட்டில் விண்கலம் எங்கே இருந்தாலும் சொன்னபடி கேட்கும். அது உனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் நிஜத்தைப் போல ஆக்கும் துணை மென்பொருள் ஒன்றை நீயே தேடிப் பிடித்துச் சேர்த்தாய். அதன்பின், ஆளில்லாத கலத்துக்குப் பூமியிலிருந்து சமிக்ஞை போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு கோள் மறைத்தால் கலம் வெறும் தகரம். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவதையும் தடை செய்தாய். "சிக்னல் இல்லன்னா ஒண்ணும் நகரக் கூடாது. அப்பதான் ரியல்" என்றாய்.

செவ்வாயின் நடுக்கோட்டுக்கு மேலே மூன்று செயற்கைக்கோள்களைச் சம இடைவெளியில் நிறுத்தினோம். ஒன்று மறைந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். சுற்றும் நேரம் மூன்றுக்கும் துளி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் ஒன்றையொன்று நெருங்கி, ஒரு பக்கம் ஓட்டை விழும். நீ எந்திரத்தை மெல்லத் தட்டுவாய், நான் போதும் என்பேன், நீ இன்னொரு தட்டு தட்டுவாய். கடைசியில் பூமியிலிருந்து செவ்வாய்வரை திரையில், சமிக்ஞை எட்டுகிறது என்பதைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. வேலைக்காலம் முழுவதும் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. நீ தட்டினாய்.

அடுத்ததாக, செவ்வாயின் தென்முனையில் இருக்கும் பனியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கலத்தை உருவாக்கினாய். அது பூமியைச் சுற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தது.

இப்போது வரிசையில் மூன்றாவது. நடுக்கோட்டுக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள்களைத் துருவத்தில் நின்றுகொண்டு பார்க்க முடியாது. அவை அடிவானத்துக்குக் கீழே இருக்கும். இது வடிவியல், இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. உன் கலமோ தென்துருவத்தின் மேலேதான் எந்திரத்தை இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே கட்டளை போய்ச் சேராவிட்டால் செவ்வாயைத் தாண்டி ஓடிவிடும். ஆகவே துருவங்களின் வழியாகச் சுற்றும் நான்காவது ஒன்று முதலில் போக வேண்டும் என்றேன். நீயும் ஒப்புக்கொண்டாய்.

அப்போதுதான் உன்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, திரை தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தோம்.

"தம்பி, இன்னிக்கு அனுப்பிடு. டைம ஃபாஸ்ட்டா ஓட்டுனா கொஞ்ச நேரந்தான். எனக்கு அந்த ஐஸப் பாக்கணும்."

"நாலாவது இன்னும் ரெடியாகல அக்கா. சிக்னல் கட் ஆயிடும்."

"ஆனா ஆகட்டும். கேம்தானே லா."

"நீதானே ரியலா இருக்கணும்னு சொன்னே."

"சரி, அளந்துட்டு வா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாதவன் நான். மேலதிகாரியிடம் விடுமுறை கேட்கவே இரண்டு நாள் தயங்குவேன். அப்படிப்பட்டவன் ஒரே ஒருமுறை உறுதியாக நின்றேன்; அதுவும் உன்னிடம், அந்த நாளில். நான்காவதை வடிவமைத்தேன், சோதித்தேன், சந்தேகம் வந்து மறுபடி சோதித்தேன். அது ஏவுதளத்தில் நிற்கும்போதே நீ போய்விட்டாய்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கணினியைத் திறந்தேன். நான்காவதைத் தொடவில்லை. உன் கலத்தை அப்படியே செவ்வாய்க்கு அனுப்பினேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அது தொலைந்துபோவதைக் கண்ணால் பார்த்தால், நான் மறுத்தது சரி என்றாவது ஆகும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம் இல்லைதான்.

காலத்தை வேகமாக ஓட்டினேன். செவ்வாய் பெரிதாகியது. கலம் தெற்கே இறங்கித் துருவத்தின் மேல் வந்தது. பச்சைக் கோடு அறுவதற்காகக் காத்திருந்தேன். அது அறவில்லை. எந்திரத்தை இயக்கினேன், கேட்டது. வேகம் குறைந்தது. கீழே உப்பைக் கொட்டி வைத்ததுபோல் உன் பனி.

பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். துருவத்தில் நின்றுகொண்டு பார்த்தால் என்று போட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் நிலம் அளந்தவன், செவ்வாயிலும் தரையில் நின்றே அளந்திருக்கிறேன். உன் கலம் தரையில் நிற்கவில்லை அக்கா. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அங்கிருந்து அடிவானம் தாழ்ந்து, அந்தச் செயற்கைக்கோள்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன.

கலம் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கணினியை அணைக்க மனம் வரவில்லை.

இந்த மடலைத் திருத்திப் புதிதாக எழுதலாம். ஆனால் நில அளவையில் தவறான அளவை ரப்பரால் அழிக்க விடமாட்டார்கள். பழைய எண் தெரியும்படி அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அப்படியே செய்கிறேன்.

வரிசையில் மூன்றாவதாகச் சொன்னது தவறு. நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படவே இல்லை. நீ கேட்ட அன்றைக்கே அனுப்பியிருக்கலாம்.