மூடியில் இல்லாத பாதி

மார்ச் 3, செவ்வாய்

இன்று பிஸ்கட் டப்பாவைப் படித்தேன். முழு டப்பாவையும். மாவு, சர்க்கரை, உப்பு, எடை, செய்த மாதம், ஒன்றையும் விடவில்லை. பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் போன வருடம்தான் சேர்ந்தேன்; இந்த நாட்குறிப்பும் டீச்சர் எழுதச் சொன்னதுதான். எழுபத்தொரு வயதில் ஒருவன் டப்பா படித்துவிட்டுக் குதிப்பானா? குதித்தேன். முழங்கால்தான் கோபித்துக்கொண்டது.

என் மனைவி பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். டப்பாக்கள் வரிசையாக வரும், இவள் மூடியை வைத்து அழுத்த வேண்டும். வேலையை விட்ட அன்று கொடுத்தனுப்பிய டப்பா இது. ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள். மூடியில் ஒரு படம். ஆற்றங்கரையில் ஒரு பெண், இடுப்பில் துணி மூட்டை, வலது கையைத் தூக்கி யாருக்கோ ஆட்டுகிறாள். யாருக்கு என்று தெரியாது. மூடி வட்டமானது. அவள் விரல் நுனியோடு படம் முடிந்துவிடுகிறது.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன்: மூடியில் உள்ள ஓவியம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சத்தமாகப் படித்ததும் அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

"எங்க இருக்குன்னு போட்டிருக்கு?"

"நம்ம மியூசியத்துலதான். இங்கேர்ந்து இருபது நிமிஷம்."

"இருபத்திரெண்டு வருஷம் அந்த மூடிய அழுத்தியிருக்கேன். ஒருத்தரும் சொல்லலையே!"

"எவளுக்குப் படிக்கத் தெரிஞ்சுது சொல்றதுக்கு?"

படத்துப் பெண் யாருக்குக் கையாட்டுகிறாள் என்று வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சண்டையே போடுவார்களாம். மாமியார் ஊருக்குக் கிளம்புகிறாள், அந்தச் சந்தோஷத்தில் மருமகள் கையாட்டுகிறாள் என்பாளாம் ஒருத்தி. இவள் ஒப்புக்கொள்ள மாட்டாளாம். "யாரோ வர்றாங்க. வர்றவங்களப் பாத்தாதான் கை அப்படித் தூக்கும்."

மார்ச் 5, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. அவளுடைய வலது கண் போன வருடமே போய்விட்டது. சர்க்கரை வியாதி. இடது கண்ணுக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நைந்த நூல் மாதிரி இருக்கின்றனவாம். எந்த நாளும் அறுந்து போகலாம். ஊசி போட்டுப் பார்ப்பார்களாம், ஆனால் உறுதி சொல்ல முடியாதாம்.

டாக்டர் சொன்னார்: "பாக்கணும்னு ஆசைப்பட்டதெல்லாம் இப்பவே பாத்துருங்கம்மா."

இவள் என்னைக் கைகாட்டினாள். "இவரத்தான் டாக்டர் நாப்பத்தஞ்சு வருஷமா பாக்குறேன். போதும்னு ஆயிருச்சு."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் படத்த மட்டும் முழுசா பாத்துரணும்ங்க."

மார்ச் 8, ஞாயிறு

மகள் வந்தாள். பக்கத்து ஊரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு இரண்டு சீட்டு வாங்கி வந்திருக்கிறாள். அருங்காட்சியகமும் ஊர் சுற்றிக் காட்டும் மாடிப் பேருந்தும் சேர்ந்த சீட்டு. அடுத்த ஞாயிறுக்கு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பேருந்துகளை முப்பத்தெட்டு வருடம் டெப்போவில் கழுவியவன் நான். மாடியில் எந்த இருக்கைக்கு அடியில் மிட்டாய்த் தாள் சொருகுவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஓடும்போது ஒரு நாள்கூட மாடியில் உட்கார்ந்ததில்லை.

மகள் சீட்டைப் பிரித்து விளக்க ஆரம்பித்தாள். "நிறுத்து. நானே படிச்சுக்கறேன்" என்றேன்.

"இல்லப்பா, இதுல ஒரு விஷயம்..."

"படிச்சுக்கறேன்னு சொல்றேன்ல?"

"விடுடி. உங்கப்பா இப்பல்லாம் உப்புப் பாக்கெட்டக்கூட படிச்சிட்டுத்தான் கையில குடுக்கறாரு" என்றாள் இவள்.

மார்ச் 9, திங்கள்

சீட்டைப் படித்து முடித்தேன். நேற்று மாலை முழுவதும் அதற்கே ஆனது. "ஒரு நாள் முழுவதும் செல்லும். எந்த நிறுத்தத்திலும் ஏறலாம், இறங்கலாம்." திக்காமல் இவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். வகுப்பில் டீச்சரிடம் சொன்னேன், கைதட்டச் சொன்னார். பதினாறு பேர் கைதட்டினார்கள். எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

மார்ச் 15, ஞாயிறு

போனோம். இன்று எழுத வராது.

மார்ச் 16, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். டீச்சருக்காக இல்லை.

காலை பத்து மணிக்கு ஏறினோம். ஏறும்போதே அவள் சொன்னாள்: "முதல்ல படத்தப் பாத்துரலாம்ங்க."

நான் சொன்னது இதுதான். அப்படியே எழுதுகிறேன். "படம் என்ன ஓடியா போகுது? சுவத்துல ஆணியடிச்சுத்தான வெச்சிருக்கான்."

மாடியில் முதல் இருக்கை. கண்ணில் பட்ட பலகையையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். செருப்புக் கடை. பல் வைத்தியர். இங்கே வண்டியை நிறுத்தாதீர். நீதிமன்றம். வாடகைக்கு விடப்படும். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். பச்சைத் தொப்பி போட்ட வழிகாட்டிப் பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்களே என் வேலையப் பாத்துடுவீங்க போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் கிரீடம் வைத்த மாதிரி.

பத்து ஐம்பதுக்குப் பேருந்து அருங்காட்சியகத்தின் வாசலிலேயே நின்றது. வாசலிலேயே. அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "இன்னும் ஒரு சுத்து. நாள் பூரா செல்லும்னு போட்டிருக்கு."

உட்கார்ந்தாள்.

ஒரு சுற்று இல்லை. இரண்டு சுற்று. நடுவில் பாலத்தருகே இறங்கி, அங்கிருந்த கல்வெட்டைப் படித்தேன். அதற்கே ஒரு மணி நேரம். மறுபடி ஏறி அருங்காட்சியக வாசலுக்குப் போனபோது மூன்று நாற்பது.

வாசலில் இருந்த பெண் சீட்டை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம். பின்பக்கத்தில் எழுத்து இருந்தது. அருங்காட்சியகத்தில் நுழையும் நேரம்: காலை 11 முதல் 11.30 வரை.

நாள் முழுவதும் என்பது பேருந்துக்கு மட்டும். முன்பக்கத்தை முழுதாகப் படித்துவிட்ட பெருமையில் நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஒரு காகிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது படிக்கத் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும்.

"இன்னிக்கு ஃபுல் தாத்தா. நாளைக்கு லீவு. அடுத்து காலி இருக்கறது இருபத்திநாலாம் தேதிதான்."

"அம்மா, கொஞ்சம் பாரும்மா, இவளுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தேன். இவள் என் சட்டைக் கையை இழுத்தாள். "போதும். வாங்க." தன் கண்ணைக் காட்டி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். அது அவள் குணம்.

இருபத்துநாலாம் தேதிக்குப் பதிந்துகொண்டு வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "மாடியில காத்து நல்லா இருந்துதுங்க."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 18, புதன்

இன்னும் ஆறு நாள். அவளைக் கனமான எதையும் தூக்க விடவில்லை. குனிய விடவில்லை. தும்மினால்கூடப் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில்.

"ஏங்க, லைட்ட அணைச்சீங்களா?" என்றாள்.

காலை பதினொரு மணி. தரை முழுக்க வெயில் கிடந்தது.

மார்ச் 22, ஞாயிறு

ஊசி போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் இரத்தம் நிறைந்துவிட்டதாம். திரும்பி வருமா என்று கேட்டேன். டாக்டர் என் தோளில் கை வைத்தார். பதிலைப் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வார்த்த திட்டேன்டி! நான்தான, நான்தான உன்ன உக்கார வெச்சேன்! எந்திரிச்சவள இழுத்து உக்கார வெச்சேனே!"

"கத்தாதீங்க. நாலு பேரு பாப்பாங்க" என்றாள். பிறகு, "பாக்குறாங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 24, செவ்வாய்

"நீங்க போங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது பாருங்க. வந்து எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது." மகள் துணைக்கு இருந்தாள். போனேன்.

பழக்க தோஷம். முதலில் பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்தேன். வரைந்தவர் பெயர், வருடம், நீளம், அகலம். பிறகுதான் நிமிர்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிய படம். இடது பக்கம் அந்தப் பெண். மூட்டை, கை, எல்லாம் மூடியில் இருப்பதுதான். வலது பக்கம் ஆறு. ஆற்றில் ஒரு படகு. படகு நிறைய ஆட்கள். எல்லாருடைய முதுகும் அந்தப் பெண்ணின் பக்கம். முகங்கள் அக்கரையைப் பார்க்கின்றன. படகுக்கும் கரைக்கும் நடுவே நிறையத் தண்ணீர்.

அவள் கையாட்டவில்லை. நிறுத்தச் சொல்கிறாள்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காவலுக்கு இருந்த அம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

மகளிடம் போனில் சொன்னேன். "நல்லதா ஏதாச்சும் சொல்லிடுங்கப்பா. புருஷன் படகுல வர்றான்னு சொல்லுங்க. அம்மா எங்க போய்ப் பாக்கப் போறாங்க?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். புருஷன் வர்றான். படகுல வர்றான். பொய்யையும் எழுத்துக் கூட்டித்தான் சொல்ல வருகிறது எனக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

சாப்பிடும்போது சொன்னாள். "பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியறீங்கன்னு கண்ணு இல்லாமலே தெரியுது. அப்படி என்னதான் இருக்கு அங்க?"

என் வாயில் சோறு நின்றுவிட்டது.

"வேணாம். இங்க சொல்லாதீங்க. என்னக் கூட்டிட்டுப் போயி அங்க வெச்சுச் சொல்லுங்க. இத்தன வருஷம் அவகூட நின்னவ நான். அவ முன்னாடி நின்னு கேட்டுக்கறேன்."

ஏப்ரல் 9, வியாழன்

போனோம். பேருந்து இல்லை, ஆட்டோ. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால்.

அவள் கை என் தோளில். படத்துக்கு முன் நிறுத்தினேன். காவல்கார அம்மா நாற்காலி போட்டார். இவள் உட்காரவில்லை.

"எந்தப் பக்கம் நிக்கிறா?"

"உனக்கு இடது கைப் பக்கம்."

அவளுக்குத் தெரிந்த பாதியை அவள் எனக்குச் சொன்னாள். "மூட்டையில ஒரு முடிச்சு அவுந்து தொங்கும், பாருங்க. காதுக்குப் பின்னால முடி ஒட்டியிருக்கும், ஓடி வந்த வேர்வை. இடது கால்ல செருப்பு இருக்காது." பார்த்தேன். எல்லாம் இருந்தன. போன முறை இந்த இடத்திலேயே அத்தனை நேரம் இருந்தவன், ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

"சரி. இப்ப நீங்க சொல்லுங்க."

"ஆறு... ஒரு படகு."

"வருதா, போகுதா?"

புருஷன் தொண்டை வரை வந்தான். என் தோளில் அவள் விரல்கள் இறுகின.

"போகுது" என்றேன். "நெறைய பேரு இருக்காங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

பார்வை இல்லாத கண்ணைப் படத்தை நோக்கியே வைத்திருந்தாள். அந்த அறையில் யாரோ செருப்புத் தேய்த்து நடக்கும் சத்தம்.

"அப்ப அவளும் நேரத்துக்கு வரலையா?"

"இல்ல."

"அவளுக்கும் உங்கள மாதிரி ஒருத்தன் வாச்சிருப்பான். வழியில இருக்கற பலகையெல்லாம் படிச்சிருப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபது நாளில் முதல் சிரிப்பு. காவல்கார அம்மாவும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இவள் சிரிப்பு நிற்கவே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அது வேறு சத்தமாக மாறியது. நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆட்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

"படகுல எத்தன பேரு?" என்று கேட்டாள்.

எண்ணவில்லை என்றேன்.

"என்னத்ததான் பாத்தீங்க? போயி எண்ணிட்டு வாங்க. அவசரமில்ல, மெதுவா பாருங்க."

ஏப்ரல் 14, செவ்வாய்

போய் வந்தேன். அட்டையின் பக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன்.

பதினோரு பேர். நான்கு பெண்கள், ஏழு ஆண்கள். கூடைகள் மூன்று. பின்பலகைக்கு அருகே, இரண்டு கால்களுக்கு நடுவில், ஒரு நாய். அது மட்டும் கரையைப் பார்க்கிறது. அவளைத்தான் பார்க்கிறது. சந்தேகம் தீர மூன்று இடத்தில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

பிறகு கேட்டாள்: "என்ன நிறம்?"

பழுப்பு என்றேன். ஒரு காது வெள்ளை.