சைக்கிள்காரர் குளிக்கும் அறை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் நாலாம் மாடி ஆண்கள் கழிவறையில் ஒருவர் இருட்டில் மாட்டிக்கொண்டார். ஆள் அசைந்தால்தான் எரியும் விளக்கு. பாவம், அசையாமல் உட்கார்ந்துவிட்டார். நான் மாப்பும் கையுமாக வெளியே நின்று, "கையை ஆட்டுங்க சார், எரியும்" என்றேன்.

"ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டுதாம்மா இருக்கேன்!"

"அப்போ எழுந்து ஆடுங்க."

உள்ளே தடதடவென்று சத்தம். ஆடியிருப்பார் போல, விளக்கு எரிந்தது.

எங்கள் கட்டடம் பச்சைக் கட்டடம் ஆகப்போகிறது. பச்சை என்றால் பெயிண்ட் இல்லை. கரண்ட், தண்ணீர் எல்லாம் சிக்கனமாகச் செலவழித்து, உள்ளே இருப்பவர்களையும் நன்றாக வைத்திருக்கும் கட்டடத்துக்கு வாசலில் ஒரு தகடு கொடுப்பார்களாம். எதைச் செய்தால் எத்தனை பாயிண்ட் என்று ஒரு பட்டியல். மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டே அலைகிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாயிண்ட் சார்.

வெளிச்சம் வரட்டும் என்று ஏழு மாடிக்கும் கண்ணாடி போட்டார்கள். அதற்குப் பாயிண்ட். கண் கூசுகிறது என்று எல்லோரும் திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். அது பட்டியலில் இல்லை.

இந்த டைரியும் அந்த வகைதான். பக்கத்துக்குப் பக்கம் அடியில் 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று அச்சடித்து, நானூறு பக்கம். கட்டுக்கட்டாகக் குப்பைக்கு வந்தது. ஒன்றை நான் சேமித்தேன்.

மார்ச் 6, வியாழன்

எங்கள் அறையைக் கேட்டுவிட்டார்கள்.

கீழ்த்தளத்தில், பின்வாசல் பக்கம், துப்புரவுக்காரிகள் ஒன்பது பேர் மத்தியானம் உட்காருகிற அறை. ஒரு பெஞ்சு, நாலு நாற்காலி, ஒரு ஜன்னல். இந்தக் கட்டடத்திலேயே திறக்கிற ஜன்னல் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒட்டிய கண்ணாடி.

"சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்களுக்குக் குளியலறை கட்டினா பாயிண்ட் கிடைக்கும். குழாய் லைன் இங்கதான் பக்கம்" என்றார் பாயிண்ட் சார்.

"சார், இங்க சைக்கிள்ல யாரு வர்றாங்க?"

"வருவாங்கம்மா. வசதி செஞ்சு கொடுத்தா வருவாங்க."

"அப்போ எங்களுக்கு நாற்காலி கொடுத்தீங்க, நாங்க உக்காந்தே இருந்தோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னலை அளந்து எழுதிக்கொண்டார்.

எங்களோடு வேலை செய்கிற என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு பின்வாசல் படிக்கட்டில். மேல்படி சீனியர், கீழ்ப்படி ஜூனியர் என்று நான் பிரித்துக் கொடுத்தேன்.

சிரிப்பெல்லாம் அரை மணி நேரம். நாத்தனாருக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, முழங்காலுக்குக் கீழே கயிறு முறுக்கின மாதிரி இருக்கிறது. மத்தியானம் அரை மணியாவது காலைத் தூக்கி வைத்து உட்கார வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து நாற்காலியில் காலை நீட்டுவாள். படிக்கட்டில் எங்கே நீட்டுவது? இன்று கைப்பிடிக் கம்பிமேல் ஒரு காலைப் போட்டுப் பார்த்தாள்.

"சர்க்கஸ்ல சேர்த்துக்குவாங்கடி உன்னை" என்றேன்.

"சர்க்கஸ்ல கூடாரம் உண்டு அண்ணி" என்றாள்.

என் வாய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது, கழுதை.

மார்ச் 13, வியாழன்

அவள் கால் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடுகிறது. செருப்பு நுழையவில்லை. பாயிண்ட் சாரிடம் ஒரு பெஞ்சு கேட்டேன். படிக்கட்டு, தீ பிடித்தால் ஓடுகிற வழியாம், பெஞ்சு போடக் கூடாதாம். ஓட முடியாதவள் கதையைத்தான் சார் சொல்கிறேன் என்றேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். எங்கள் பெயர் அதில் இல்லை.

மார்ச் 17, திங்கள்

குளியலறை தயார். வெள்ளை டைல்ஸ், பளபளக்கும் குழாய், காகிதம் பிரிக்காத சோப்பு, கதவில் சைக்கிள் படம். எதிரே கம்பி அடித்து ஆறு புது சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. மாதம் முழுக்க வாடகைக்காம். அதற்குத் தூசு தட்டுவது என் வேலை. தட்டும்போது ஒரு டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று இல்லை.

நிஜமாகவே சைக்கிளில் வருகிறவர்கள் பார்சல்காரர்கள்தான். அவர்களை முன்வாசலில் விடக் கூடாது, பார்க்க நன்றாக இல்லை என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. விசில் என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தச் செக்யூரிட்டிக்கு, உத்தரவு என்றால் பெற்ற தாய் மாதிரி.

மார்ச் 20, வியாழன்

குளியலறையில் நாற்றம். ஏன் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் இறங்குகிற தரை ஜாலிக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். இன்னும் யாரும் குளிக்காததால் அது நிறையவே இல்லை, சாக்கடை வாடை மேலே வருகிறது. இரண்டு நாளைக்கு ஒரு குவளை ஊற்றினால் போதும். ஊற்றப் போனேன்.

"தொடாதே! அங்க மீட்டர் இருக்கு. ஆளே குளிக்காம தண்ணி ஓடினா கணக்கு இடிக்கும்" என்றார் பாயிண்ட் சார்.

"நாறுது சார்."

"ஸ்ப்ரே அடி."

அடித்தேன். இப்போது மல்லிகைப்பூ சாக்கடையில் விழுந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

நாத்தனார் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாளாம், ஏப்ரல் பதினைந்தோடு நின்றுகொள்கிறேன் என்று. என்னிடம் சொல்லவில்லை, அடுத்தவர் வாயால்தான் கேட்டேன். அவள் மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். புருஷன் இல்லாதவள். நின்றுவிட்டு என்ன செய்வாள்?

கேட்டால், "காலு கேக்க மாட்டேங்குது அண்ணி, நான் என்ன பண்ண?" என்கிறாள்.

ஆறு சைக்கிள் நிற்க இடம் இருக்கு. ஒரு மனுஷி உக்கார இடம் இல்ல. என்னடா கட்டடம் இது.

மார்ச் 26, புதன்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

பச்சைத் தகடு கொடுக்கிற இடத்திலிருந்து ஆள் வருகிற நாள். பாயிண்ட் சார் கோட்டுப் போட்டு, பூங்கொத்தோடு பதினோரு மணியிலிருந்து முன்வாசலில் கார் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கண்ணில் படக் கூடாது என்று பின்னால் அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் சாப்பாட்டைப் பிரித்தோம்.

அப்போது ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். முப்பது வயதிருக்கும். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்வாசலில் விசில் விரட்டிவிட்டானாம்.

பார்சல்காரி என்றுதான் நினைத்தேன். "வாம்மா, உக்காரு. மூணாம்படி காலி. புது ஆளுக்கு அதுதான்" என்றேன்.

உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "முகம் கழுவ எங்கக்கா போறது?" என்றாள்.

"இந்தக் கட்டடத்துல சைக்கிள்ல வர்றவங்க குளிக்கறதுக்கே தனி ரூம் இருக்கு தெரியுமா? ஆனா நீ நிஜமாவே சைக்கிள்ல வந்துட்டே. உன்னை விடமாட்டாங்க."

அவள் சிரித்தாள். சிரிக்கிற ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? காற்றில்லாத டயர், பிரிக்காத சோப்பு, மல்லிகைச் சாக்கடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அது முன்பு எங்கள் அறை என்றும் சொன்னேன். அவள் நாத்தனாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி எத்தனை நாளா?"

"சைக்கிள்காரங்க குளிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் போய்க் குளியலறைக் கதவைத் திறந்தாள், மூக்கைப் பொத்தினாள். நான் பின்னாலேயே போய் ஜாலி விஷயத்தைச் சொன்னேன். டயரை அழுத்தினாள். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு நோட்டையும் எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்சல்காரிக்கு எதற்கு நோட்டு?

அதே நேரம் பாயிண்ட் சார் பூங்கொத்தோடு இறங்கி வந்தார். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"மேடம்... நீங்க... கார்ல..."

"சைக்கிள்லதான் வந்தேன் சார். உள்ள விடல."

பூங்கொத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் எனக்குப் பூங்கொத்து கொடுத்த முதல் ஆள்.

மார்ச் 27, வியாழன்

பூங்கொத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வேலையைக் கேட்பார் போலிருக்கிறது. "உன் வாயால ரெண்டு வருஷ உழைப்பு போச்சு" என்று கத்தினார். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

என்னைத் தூக்கினா தூக்கட்டும். நான் எங்கயும் பொழைச்சுக்குவேன். ஆனா நான் இல்லாட்டி அவ பதினஞ்சாம் தேதி வரைக்கும்கூட இருக்க மாட்டா. எதுக்கு எனக்கு இந்த வாய்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முப்பது வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன்" என்றார்.

மார்ச் 31, திங்கள்

ஒன்றும் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தச் சைக்கிள் பெண் எழுதின காகிதம் வந்துவிட்டதாம். விசில் ஒட்டுக்கேட்டு வந்து சொன்னான். குளியலறைக்குப் பாயிண்ட் கிடையாது. சைக்கிளுக்கும் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் என்றால் துடைக்கிறவர்களும் சேர்த்திதான். அவர்களிடமிருந்து எடுத்த ஓய்வறையை, திறக்கிற ஜன்னலோடு திருப்பிக் கொடுத்தால் மறுபடி வந்து பார்ப்போம் என்று எழுதியிருக்கிறாளாம்.

மத்தியானம் பாயிண்ட் சார் படிக்கட்டுக்கே வந்தார். "அம்மா, கால் எப்படி இருக்கு?" என்று நாத்தனாரைக் கேட்டார். ஒரு மாதத்தில் அந்தக் காலை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"பாயிண்ட் வர்ற அளவுக்கு இருக்கு சார்" என்றேன். வாய் திரும்பி வந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

எங்கள் அறையை எங்களுக்கே ரிப்பன் கட்டித் திறந்து வைத்தார்கள். கதவில் பலகை: 'பணியாளர் நலவாழ்வு அறை'. பணியாளர் நலன்தான் தன் மூச்சு என்று பாயிண்ட் சார் பேசினார். அதே பெஞ்சு, நாற்காலி மட்டும் இரண்டு கூட. சோப்பு இன்னும் பிரிக்காமல் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புது விளக்கும் போட்டிருக்கிறார்கள், ஆள் அசைந்தால் எரிவது.

போட்டோ எடுத்தவர்கள் போனதும் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்தோம். நாத்தனார் பெஞ்சில் சாய்ந்து இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்தாள்.

"பதினஞ்சாம் தேதி என்னடி ஆச்சு?" என்றேன்.

"எந்தப் பதினஞ்சு?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. ஒன்பது பேரில் யாரும் கையை ஆட்டவில்லை. ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது.