பவர் இல்லாத கண்ணாடி

அப்பா,

உங்கள் பீரோவைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். பூச்சி உருண்டை நாற்றம் மூக்கில் ஏறுகிறது. வேட்டிகளுக்கு அடியில் தங்கச்சியின் பழைய கண்ணாடி கிடந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். எதையும் சோதிக்காமல் விட வராது. செய்தித்தாள் மேல் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். எழுத்து அசையவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் இதற்கும் பிரேம் ஒன்றுதான் வித்தியாசம்.

எனக்கு அன்றைக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தலைமுடியைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவில் வழுக்கை. பாளையங்கோட்டையில் மனநல டாக்டரம்மா, "வாராவாரம் நாலு பேரும் சேர்ந்து வாங்க" என்றார்.

"சீக்கு அவளுக்கு. நான் எதுக்கு வரணும்?" என்றீர்கள். ஆனாலும் வந்தீர்கள். நம் ஊர் முக்கூடலில் யார் கேட்டாலும் கண் ஆஸ்பத்திரிக்கு என்றீர்கள். உண்மை தெரிந்தால் அவளை எவன் கல்யாணம் கெட்டுவான் என்று பயம். பொய்க்குச் சாட்சியாக இந்தக் கண்ணாடியை வாங்கி அவள் மூக்கில் மாட்டினீர்கள். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையை எழுதிவிட்டு அதற்கு வழிமுறை போட்டீர்கள்.

டாக்டரம்மா அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொன்னீர்கள்.

"சார், அவ சொல்லட்டும்."

"அவளுக்குச் சொல்லத் தெரியாது மேடம்."

மூன்றாவது வாரம் அவள் வாயைத் திறந்தாள். "அப்பா சைக்கிள் சத்தம் கேட்டா டிவிய அமத்திட்டு எல்லாரும் பேச்ச நிறுத்திருதோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நீங்கள் எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினீர்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்டார்: "சார்வாள், பிள்ளைக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"சரியாயிட்டு அண்ணாச்சி. இனிமே போகவேண்டாம்."

நாங்கள் போனோம். தையல் கிளாஸ் என்று உங்களிடம் சொல்லிவிட்டு அம்மாவும் நானும் அவளை ஒரு வருஷத்துக்கு மேல் கூட்டிப்போனோம். அந்த வித்தை உங்களிடம் படித்ததுதான். உங்கள் நாற்காலியில் அம்மா கூடையை வைத்தாள். நீங்கள் இல்லாத அந்த அறையில்தான் தங்கச்சி பேசப் பழகினாள். முடி முளைத்தது. பரீட்சை எழுதிப் பாஸானாள். "பாத்தேளா, கண்டிப்பா வளத்ததுக்குப் பலன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நாங்கள் திருத்தவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

நேற்று உங்களுக்குப் பதினாறாம் நாள். வந்தவனெல்லாம் "ஒழுக்கமான மனுசன்" என்றான். நான் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன். உள்ளே அடுக்களையில் தங்கச்சி சிரித்தாள். அப்பளம் பொரித்த சித்தி என்ன சொன்னாளோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

"ஏட்டி, பைய சிரி. துட்டி வீடு" என்றாள் அத்தை.

அவள் நிறுத்தவில்லை. இந்த வீட்டுக்குள் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே கிடையாது. வாளியை இறக்கிவிட்டுப் போய் அடுக்களைக் கதவை அகலத் திறந்து வைத்தேன், பந்தியின் கடைசி இலை வரைக்கும் கேட்கட்டும் என்று.

இப்போதும் காதில் அதுதான் இருக்கிறது. உங்கள் குரல் எப்படி இருந்தது என்று காலையிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.